முற்றல் அவரை

"இன்னும் கொஞ்சம் வை" என்று வேடியப்பன் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது கௌரியம்மாள் காதில் விழுந்தது. வாய்க்குக் கொண்டுபோன கவளம் பாதியில் நின்றது. அவளுடைய அடுப்படியில் அந்த மனுஷன் ஒருநாளாவது இப்படிக் கேட்டதுண்டா? வைத்ததைத் தின்பான், தண்ணீர் குடிப்பான், துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவான்.

வீடு ஒன்று, அடுப்பு இரண்டு. பிள்ளை இல்லையென்று போன வைகாசியில்தான் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து தமயந்தியை அவனுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிவைத்தார்கள். கௌரியம்மாளும் சரியென்றுதான் சொன்னாள், வேறென்ன சொல்வது? மலைமேல் இருக்கிற சாமிக்கே இரண்டு, வேடியப்பனுக்கு இருந்தால் குடிமுழுகிப் போகுமா என்று ஊரில் கேலி பேசினார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, அவர்களா அடுப்பைப் பங்கு போட்டுக்கொள்ளப் போகிறார்கள்? ஒருநாள் ராச்சாப்பாடு மூத்தவளிடம், மறுநாள் இளையவளிடம் என்று ஏற்பாடு.

தோட்டத்துக் காயைப் பிரித்துக் கொடுப்பது மட்டும் மூத்தவள் கையில் இருந்தது. அந்த ஒரு அதிகாரத்தை அவள் லேசில் விடவில்லை. மார்கழி பிறந்ததும் வேலியெல்லாம் அவரை காய்த்துத் தொங்கியது. பறித்து வந்த கூடையைக் கவிழ்த்து, விரலால் மடக்கினால் பட்டென்று ஒடிகிற பிஞ்சையெல்லாம் தன் முறத்தில் போட்டுக்கொள்வாள். விதை புடைத்து நார் ஏறின முற்றலையெல்லாம் தமயந்திக்குத் தள்ளுவாள். அவளும் வாயைத் திறக்காமல் மடியில் ஏந்திக்கொண்டு போவாள். வேகாத காயைத் தின்றுவிட்டு அவன் முகத்தைச் சுளிக்கட்டும் என்பதுதான் இவள் கணக்கு.

கணக்கு எங்கேயோ பிசகிவிட்டது. தமயந்தி அந்த முற்றலை என்ன செய்தாளோ, தன் முறை வரும்போதெல்லாம் அதை வறுத்துவைத்தாள். வாசனை சுவரேறி வந்து இவள் மூக்கைப் பிடித்தது. கௌரியம்மாளும் விடவில்லை. தன் முறையில் பிஞ்சு அவரையைச் சட்டியில் போட்டு வறுத்துப் பார்த்தாள். அது தண்ணீர் விட்டு, குழைந்து, தோலோடு சட்டியில் ஒட்டிக்கொண்டது. உலகச் சண்டை நடக்கிற காலம், எண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பு. இருந்த எண்ணெயையும் அதில் கொட்டினாள். வேடியப்பன் அதை இலையோரம் ஒதுக்கிவிட்டு மோரைக் கேட்டான்.

கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்தான். சக்களத்தியிடம் போய்ச் சமையல் கேட்பதற்கு ரயில் முன்னால் விழலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. விளக்கு வைத்த பிறகு ஒரு அடுப்பிலிருந்து இன்னொரு அடுப்புக்கு நெருப்புக் கொடுக்கமாட்டார்கள் என்பதால், பொழுது சாய்வதற்கு முன்னமே இரும்புக் கரண்டியில் தணல் வாங்குகிற சாக்கில் அந்தப் பக்கம் போனாள்.

தமயந்தி மண்சட்டியைத் தணல்மேல் வைத்திருந்தாள். தண்ணீர் இல்லை, மூடி இல்லை. நாருரித்த முற்றல் காய் விதையோடு கிடந்து மெல்லப் பொரிந்துகொண்டிருந்தது. மேலே நாலு சொட்டுக் கடலை எண்ணெய், அவ்வளவுதான். பச்சை அங்கங்கே கறுத்து, விதை வெடித்த பிறகுதான் உப்பைத் தூவினாள். ஒன்றை எடுத்து ஊதி இவள் கையில் வைத்தாள்.

"துன்னு பாருங்கக்கா. எங்க ஊர்ப் பக்கம் வறுக்கிறதுக்கு முத்தினதுதான் தேடுவாங்க. இளசு வறுத்தா நீர் வுட்டுக்கும். நீங்க தெனம் எனக்குன்னு பொறுக்கிப் பொறுக்கிக் குடுக்கிறீங்களே, எங்கம்மாகூட இப்படிப் பார்த்துக் குடுத்ததில்ல."

கௌரியம்மாள் காயை மென்றாள். நன்றாக இருந்தது, அதுதான் அவளால் பொறுக்க முடியவில்லை. தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டிருக்கிறாள், அதுவும் தினம் தினம், பார்த்துப் பார்த்து. தணலை வாங்க மறந்து திரும்பிவிட்டாள்.

மறுநாள் கௌரியம்மாள் முறை. கூடையைக் கவிழ்த்தாள். முற்றலெல்லாம் இவள் முறத்துக்கு வந்தது. பிஞ்செல்லாம் தமயந்தி மடிக்குப் போனது. தமயந்தி ஒருகணம் மடியைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள், தன் அடுப்படிக்குப் போனாள். அன்று சாயங்காலம் கௌரியம்மாள் அடுப்பை விட்டு நகரவில்லை. விதை வெடிக்கும்வரை உப்பைத் தொடவில்லை.

வேடியப்பன் ஒரு வாய் தின்றான். இன்னொரு வாய் தின்றான். அவன் முகம் மலர்ந்ததை விளக்கு வெளிச்சத்தில் அவள் பார்த்தாள். இத்தனை வருஷமும் காத்திருந்த வார்த்தை இதோ வரப்போகிறது என்று சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இன்னா, தமயந்தி குடுத்தனுப்பினாளா?" என்றான்.

அவளுக்குக் கையிலிருந்த சட்டியை அவன் தலையில் போட்டு உடைக்கலாம் போலிருந்தது. ஆமாம் என்றால் மானம் போகும்; இல்லையென்றால் அழுகை வந்துவிடும். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அது அக்கா வறுத்தது பாவா. இங்க இன்னிக்கி வறுவலே இல்ல."

பாவாவாம், பாவா. புருஷனை அந்த ஊர்ப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். கௌரியம்மாள் இதுவரை அவனை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. வேடியப்பன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். முதல்முறை பார்ப்பதுபோலத்தான் பார்த்தான். பிறகு இலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, "அப்படின்னா இன்னும் கொஞ்சம் வை" என்றான்.

அவள் வைத்தாள். கேட்க ஏங்கின வார்த்தை வந்துவிட்டது. ஆனால் அதை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். ஒரு வறுவலில்கூட அந்தச் சிறுக்கி தன்னை ஜெயிக்க விடவில்லையே என்று அவள் நெஞ்சு பொருமியது. நல்லவளாக இருப்பதிலும் முந்திக்கொண்டாளே என்று அதைவிட அதிகமாகப் பொருமியது.

சட்டியில் மிச்சம் இருந்தது. வேடியப்பன் கைகழுவப் போனதும், அதை ஒரு கிண்ணத்தில் வழித்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். தமயந்தி வெறும் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். கௌரியம்மாள் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தாள். நல்ல வார்த்தை ஒன்று சொல்லத்தான் வந்தாள். வாயில் வந்தது வேறு.

"உப்பு கம்மியா இருக்கும். துன்னு" என்றாள்.