பதினோரு நாள் குட்டையான கொத்தமல்லி

எனக்கு வாய் நீளம். அதை நான் மறுக்கலை. ஆனா அந்த வாய் என் நிலத்தையே முழுங்கப் பாக்கும்னு யார் கண்டா?

அப்பா போனப்புறம் வாய்க்காலோரத் துண்டு நிலம் என் பங்குக்கு வந்துச்சு. பேருக்குத்தான் என் பங்கு. பேச்சு, முடிவு எல்லாம் அண்ணன் ஹம்முதான். "காய்கறி போட்டு விக்கப் போறியா? சரி, பாப்போம். ரமலான் முதல் நோன்பு அன்னிக்கு உன் நிலத்துல இருந்து ஒரு கழுதை வண்டி நிறைய பெனி மெல்லால் டவுன் சந்தைக்குப் போகணும். போகலைன்னா பத்து வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்டுடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக் கூடாது"ன்னுட்டார்.

முதல் நோன்பு அன்னிக்கு ஹரீரா சூப் கொதிக்காத வீடு கிடையாது. அதுக்கு செலரி, பார்ஸ்லி, கொத்தமல்லி மூணும் ஒரே கட்டா இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் பொம்பளைங்க கட்டைத் தள்ளிட்டுப் போயிடுவாங்க.

ஊர் விவசாய சங்கத்துல மூணு நாள் பயிற்சி கொடுத்தாங்க. விக்கிற நாள்ல இருந்து பின்னாடி எண்ணி விதைக்கணுமாம். செலரிக்கு நூறு நாளுக்கு மேல, பார்ஸ்லிக்கு எழுபத்தஞ்சு, கொத்தமல்லிக்கு நாப்பத்தஞ்சு. போன வருஷம் நான் அடுத்தவங்க வயல்ல கூலிக்கு அறுத்தவ. முதல் நோன்புக்கு அறுத்தது மார்ச் பன்னெண்டு. அந்தத் தேதியை நோட்டுல பெரிசா எழுதிப் பின்னாடி எண்ணினேன். என் கையெழுத்தைப் பாத்து எனக்கே பெருமை.

கொத்தமல்லி விதைக்கிற அன்னிக்கு என் புருஷன் பாஸ்ஸு விதையைக் கையில வெச்சுக்கிட்டு நின்னான். "இத்தோ, இந்தத் தேதி..."ன்னு என் பேரைச் சொல்லி இழுத்தான்.

"உன்னை விதைக்கத்தான் சொன்னேன், வாத்தியார் வேலை பாக்கச் சொல்லலை."

அவன் குனிஞ்சு விதைக்க ஆரம்பிச்சான்.

இருபத்தஞ்சு நாள் போயிருக்கும். வாய்க்கால்ல பக்கத்து வீட்டு தூதா துணி அலசிக்கிட்டிருந்தா. ரொட்டியைப் பிட்டு நீட்டினேன். "வேணாம்டி, நோன்பு. போன ரமலான்ல விட்டுப்போனது இன்னும் ரெண்டு பாக்கி. அடுத்தது வர இனி ஒன்பதே நாள்தானே இருக்கு!"ன்னா.

ஒன்பதா? என் நோட்டுல இருபது இருந்துச்சு.

பிறை மாசம் வருஷத்துக்குப் பதினோரு நாள் முன்னாடி வரும். இது எங்க ஊர்ல பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து நோன்பு வெக்கிறவ நான்! நோட்டைத் திறந்ததும் சுவர்க் காலண்டர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. செலரியும் பார்ஸ்லியும் எப்படியோ தேறிடும். கொத்தமல்லி ரெண்டு விரல்தான் முளைச்சிருந்துச்சு.

வீட்டுக்கு ஓடினேன். "உனக்குத் தெரியுமாய்யா?"

"விதைக்கும்போதே தெரியும்."

"அப்ப ஏன்யா சொல்லலை, கல்லு மாதிரி நின்னியே!"

"சொல்லத்தான் வந்தேன். நீ விட்டியா?"

சுருக்குனு குத்திச்சு.

பழைய பிளாஸ்டிக் தாளை இரவல் வாங்கி வளைச்ச குச்சி மேல போத்தினோம். வெயில் ஏறினா திறக்கணும், இல்லேன்னா வெந்துடும். சாயங்காலத்துக்குள்ள மூடணும், இல்லேன்னா குளிர்ல வளர்ச்சி நின்னுடும். நான் தினமும் விரல் வெச்சு அளந்தேன். மூணு விரல். மூணரை. ஒரு சாண் இல்லாட்டி கட்டுக்குள்ள நிக்காது.

ரமலானுக்கு முந்தின பிறை மாசத்தோட இருபத்தொன்பதாம் நாள் நாலு விரல். மறுநாள் வாய்க்கால் முறை எங்களோடது. பிறை தெரியலைன்னா ஒரு நாள் கிடைக்கும், தண்ணி பாயும், பயிர் ஒரு சுத்து நிமிரும். அந்தி சாயும்போது ஊரே மேட்டுல நின்னு வானத்தைப் பாத்துச்சு. அண்ணனும் வந்திருந்தார். எல்லாரும் பிறையைக் கேக்க, நான் மேகத்தைக் கேட்டேன். அல்லாஹ் என்னை மன்னிக்கணும்.

எங்க ஊர்ல பாஸ்ஸு கண்ணுக்கு ஈடு கிடையாது. அவன் மலைக்கு மேல பாத்தான். சட்டுனு தலையைக் குனிஞ்சு செருப்பைப் பாத்தான். எனக்குப் புரிஞ்சுபோச்சு.

"பாத்துட்டே."

"இத்தோ..."

"சொல்லுய்யா. கத்த மாட்டேன். எனக்குப் பயந்து பயந்து நீ வாயை மூடினது போதும்."

அவன் கையை நீட்டிக் காட்டினான். நகம் வெட்டிப் போட்ட மாதிரி பிறை. எல்லாரும் கட்டிப்பிடிச்சு வாழ்த்துச் சொல்லிக்கிட்டாங்க. அண்ணன் நேரா எங்கிட்ட வந்தார்.

"நாளைக்கு முதல் நோன்பு. வண்டி வருமா?"

"கொத்தமல்லி குட்டைண்ணே. தேதியைத் தப்பா எண்ணினது நான்தான், இவர் இல்லை. ஆனா வண்டி வரும்."

வாய் சொல்லிடுச்சு. எப்படின்னு பாத்திக்கு நடக்கும்போதுதான் யோசிச்சேன். மண்டி போட்டு ஒரு செடியை வேரோட பிடுங்கினேன். வேரையும் சேத்தா ஒரு சாண் வந்துச்சு.

பாஸ்ஸு என் கையைப் பிடிச்சான். "அறுத்தா மறுபடி தழையும். இந்த மாசத்துக்கே இன்னும் ரெண்டு அறுப்பு இருக்கு. வேரோட போனா எல்லாம் போச்சு. யோசிச்சுக்கோ."

முதல் தடவையா அவனை முழுசாப் பேச விட்டேன். அவன் சொன்னது சரிதான்.

"யோசிச்சுட்டேன். பிடுங்கு."

வெளிச்சம் இருக்கிற வரைக்கும் பிடுங்கினோம். விடியறதுக்கு முன்னாடி இருட்டோட சஹர் சாப்பிட்டுட்டு மறுபடியும் பிடுங்கினோம். விரலெல்லாம் விறைச்சுப்போச்சு. பாதி கட்டும்போது நான் அழுதேன். பாஸ்ஸு கட்டுற நாரை எடுத்து எடுத்துக் கொடுத்தான்.

விடியும்போது அண்ணன் வந்தார். வண்டியைச் சுத்தி வந்தார். ஒரு கட்டை உருவித் தொங்குற வேரைப் பாத்தார், வெறும் மண்ணாக் கிடந்த பாத்தியைப் பாத்தார்.

"அடிப்பாவி, ஒரு மாசம் விக்க வேண்டியதை ஒரே நாள்ல பிடுங்கிட்டியே!"

"நீங்க கேட்டது ஒரு நாள்தானேண்ணே?"

அவர் முகம் சிறுத்துப்போச்சு. கட்டை எடுத்த இடத்துலயே பதமா வெச்சார். "நிலம் உங்கிட்டயே இருக்கட்டும்"னு அவர் முணுமுணுத்தது பக்கத்துல நின்ன எனக்கே சரியாக் கேக்கலை.