மைக் டெஸ்டில் சொன்ன எழுத்துகள்

ஜூலை 14, செவ்வாய். ஒரு சின்னத் தவறு. விஜிதரனின் மூன்று பாட்டுகளை ஜெகதீஷுக்கு அனுப்பியபோது மைக் டெஸ்ட் ஃபைலும் கூடவே போய்விட்டது. பெரிய விஷயமில்லை என்று நினைக்கிறேன்.

டைரியில் அந்தக் கடைசி வரியை ஹரிப்பிரியா கோடு போட்டு அடித்தாள். பிறகு அதையே மறுபடியும் எழுதினாள்.

மெல்பர்னின் வெரிபீயில் நடக்கும் மாலைநேர ஒலிப்பதிவு வகுப்பில் மற்றவர்கள் ஒன் டூ த்ரீ சொல்லித்தான் மைக்கைச் சோதிப்பார்கள். அவளுக்கு அது போதாது. எந்த ஒலியும் விட்டுப்போகக்கூடாது என்று அகரம் தொடங்கி மெய், உயிர்மெய் வரை எல்லா எழுத்துகளையும் விஜிதரனைச் சொல்ல வைத்தாள். ஒவ்வொரு வரிசை முடியும்போதும் "ம், அடுத்தது" என்று தாழ்ந்த குரலில் எடுத்துக் கொடுத்தாள்.

"அக்கா, என்னைத் திரும்பவும் பாலர் வகுப்பில சேர்த்துப்போட்டீங்கள்" என்று அவன் சிரித்தான்.

விஜிதரன் சிறுவயதில் இலங்கையிலிருந்து படகில் வந்தவன். பகலில் ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் வேலை, மாலையில் ராப். போன வருடம் கிளிநொச்சியில் அவன் அம்மா இறந்தபோது விசா சிக்கலால் போக முடியவில்லை. "அதையே ஒரு பாட்டா பண்ணு, எங்கயோ போயிடுவ" என்றான் சின்னதாக ஒரு இசைக் கம்பெனி நடத்தும் ஜெகதீஷ். "அது பாட்டில்லை அண்ணை" என்றான் விஜிதரன். அதற்குமேல் அவன் அதைப் பேச விடவில்லை.

அடுத்த செவ்வாய் வகுப்பில் பழைய படம் ஒன்றைப் போட்டார்கள். ராப் இசையை வைத்து முதன்முதலில் கம்பெனி தொடங்கியவர்களின் கதை. சோபாவில் சாய்ந்தபடி முதலாளி ஒரு பையனிடம் சொல்கிறான்: பாட்டு உன்னுடையது, டேப் என்னுடையது. பிறகு அந்தப் பையன் கடையில் ரொட்டி வாங்க நிற்கும்போது ரேடியோவில் அவன் குரல் கேட்கிறது. பயிற்சி டேப்பை வெட்டி ஒட்டிச் செய்த பாட்டு. அவன் வாயைப் பொத்திக்கொள்கிறான், குரல் நிற்கவில்லை. வகுப்பு சிரித்தது.

இடைவேளையில் ஹரிப்பிரியாவின் போனுக்கு ஜெகதீஷிடமிருந்து ஒரு பாட்டு வந்தது. அவளும் விஜிதரனும் ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டார்கள்.

விஜிதரனின் குரல். வரி தொடங்குமுன் அவன் மூச்சை இழுக்கும் விதம்கூட அப்படியே இருந்தது. அம்மாவைப் பற்றிய பாட்டு. மூன்றாவது வரியில் குரல் உடைந்து அழுதது.

"எப்ப பாடின?" என்றாள்.

அவன் தின்றுகொண்டிருந்த ரோல்ஸை மேசையில் வைத்தான். "நான் பாடேல்லை."

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே, தாளத்துக்கு அடியில், வேறொரு குரல் மெல்லக் கேட்டது. ஹரிப்பிரியா இயர்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

ம், அடுத்தது.

"விஜி... அது நான்" என்றாள். "மைக் டெஸ்ட் தெரியாம அவன்கிட்ட போயிடுச்சு. உன் குரல்ல இருக்கிற ஒலி அத்தனையும் வரிசையா எடுத்துக் கொடுத்திருக்கேன்."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் இயர்போனைக் கழற்றி அவள் கையில் வைத்தான். அவளே ஜெகதீஷுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நீங்கதானே மொத்த எழுத்தையும் அனுப்பி வச்சீங்க? அவனுக்குப் பாட மனசு வரல, கம்ப்யூட்டரை வச்சு அவன் குரலை உருவாக்கிக்கங்கன்னு சொல்றீங்கன்னு எடுத்துக்கிட்டேன். செமையா வந்திருக்குல்ல? வெள்ளிக்கிழமை விடறோம்."

விஜிதரன் போனை வாங்கினான். "அண்ணை, நான் விஜி கதைக்கிறன். அதை விடாதேங்கோ."

அந்தப் பக்கம் சிரிப்பு. "எந்த விஜி?"

"பகிடி விடாதேங்கோ அண்ணை."

"சும்மாடா. நாளைக்கு ஆபீசுக்கு வா, நேர்ல பேசிக்கலாம்."

காரில் திரும்பும்போது அவன் பேசவே இல்லை. அவன் ஏதாவது ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று ஹரிப்பிரியாவுக்கு இருந்தது. சொன்னாலும் அது அவன் குரல்தான் என்று எப்படித் தெரியும் என்றும் தோன்றியது. அவன் வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள்.

"அம்மா செத்த நாளில இருந்து எனக்கு அழ ஏலாமல் கிடக்கு அக்கா" என்றான். "பாட்டில அவன் அழுறான்."

"அழிச்சிடலாம் விஜி."

"ஓம். அழிக்கத்தான் வேணும்." கதவைத் திறந்தவன் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். "அதுக்கு முதல் ஒருக்கா போடுங்கோ."

போட்டாள். அவன் வாய் மூடியே இருந்தது. காருக்குள் அவன் குரல் அழுதது. நடுநடுவே அவள் குரல் அடுத்ததைக் கேட்டது.

ஜூலை 21, செவ்வாய். போன வாரம் எழுதிய கடைசி வரி தவறு. பெரிய விஷயம்தான். நாளை வேலைக்கு லீவு சொல்ல வேண்டும். காலையில் விஜியை ஏற்றிக்கொண்டு ஜெகதீஷின் ஆபீசுக்குப் போய், மைக் டெஸ்டையும் அந்தப் பாட்டையும் எங்கள் கண்முன்னால் அழிக்க வைக்க வேண்டும்.