பதினோராவது இடம்

1

இந்தக் கதை நான்கு வரியோடு முடிந்திருக்க வேண்டும்.

போன வாரம் கிடிங்ஸின் மனைவி மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். இருபது வருஷம் ஹெலிகாப்டர் ஓட்டிவிட்டு கிடிங்ஸ் ராணுவத்திலிருந்து ஓய்வு பெறுகிறானாம். விருந்தில் வாசிப்பதற்கு, கல்லூரியில் அதிகாரிப் பயிற்சியில் இருந்தபோது அவன் எப்படி இருந்தான் என்று நாலு வரி எழுதித் தர முடியுமா, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்? தருகிறேன் என்று பதில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதல் வரி வந்தது:

கிடிங்ஸ் ஒரு அருமையான

அதற்கு மேல் நகரவில்லை. காபி ஆறிப்போனது. வெளியே பனி விழுந்து, நின்று, மறுபடி விழுந்தது. அந்த வரியை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். பிறகுதான் இதைக் கதையாக எழுதினால் என்ன என்று தோன்றியது. கதையென்றால், நான் செய்ததை வேறொருவன் தலையில் கட்டிவிடலாம். அதற்காகவே ஒருவனை உண்டாக்கினேன். பெயர் லண்ட்.

2

தொடக்கம், முதல் முயற்சி: லண்டுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, பீட்ரூட் வயலில் அறுவடை இயந்திரத்தில் அப்பாவின் கை சிக்கியது. அவரை ஏற்றிப்போக வயல் நடுவே ஒரு ஹெலிகாப்டர் இறங்கி

[இது வேண்டாம். லண்ட்மேல் உங்களுக்கு இரக்கம் வந்துவிடும். ஆனால் அந்த ஹெலிகாப்டர் மட்டும் இருக்கட்டும். அன்றிலிருந்து அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.]

இரண்டாம் முயற்சி: எண்களிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மூன்றாம் வருஷம் முடிந்ததும் கேடட் ஒவ்வொருவனும் ஒரு எண்ணாக மாறுவான். நாடு முழுக்க உள்ள கேடட்களை அந்த எண்படி வரிசையாக நிறுத்துவார்கள். மேலே இருப்பவனுக்கு ராணுவத்தில் கேட்ட பிரிவு கிடைக்கும், கீழே இருப்பவனுக்கு மிஞ்சியது. அந்த எண்ணில் ஓட்டமும் தண்டாலும் உண்டு, முகாமில் வாங்கிய பெயரும் உண்டு. பெரும்பங்கு மட்டும் கல்லூரி மதிப்பெண்ணுக்கு. என்ன படித்து வாங்கிய மதிப்பெண் என்று பட்டியல் கேட்காது.

லண்ட் இயந்திரப் பொறியியல் படித்தான். அவன் சராசரி நான்குக்கு 3.07. கிடிங்ஸ் படித்தது பூங்கா நிர்வாகம். அவன் சராசரி 3.81. இருவரும் கேட்டது ஒரே பிரிவை, ஹெலிகாப்டர்களை.

சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு நாள் எவனோ கிடிங்ஸைக் கேட்டான்:

"இன்னிக்கு பரீட்சைல என்னடா கேட்டான்?"

"நாயக் கூட்டிட்டு நடக்குற பாதை எத்தனை அடி அகலம் இருக்கணும்னு கேட்டான்."

"அதுக்கு ஏ கிரேடா?"

"ஏ மைனஸ்தான்டா. பூனைக்கும் சேத்து எழுதித் தொலச்சிட்டேன்."

மேஜையே சிரித்தது. லண்டும் சிரித்தான். தட்டில் இருந்த உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டே சிரித்தான்.

3

லண்டைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இவ்வளவு பொறாமைக்காரன் எதற்காகப் பாடம் சொல்லிக்கொடுத்தான்? ஆனாலும் சொல்லிக்கொடுத்தான். மூன்றாம் வருஷ வசந்தத்தில் புள்ளியியல் எல்லோருக்கும் கட்டாயப் பாடம். கிடிங்ஸ் முதல் தேர்வில் நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கிவிட்டு நூலகத்தில் வந்து நின்றான்.

"லண்ட், கால்ல வேணா விழுறேன்டா. இதுல கோட்ட விட்டா பறக்குறத விடு, பஸ்ல கூட ஏத்த மாட்டானுங்க என்னை."

"பூனைக்குப் பாதை போடுறவனுக்கு இதெல்லாம் எதுக்கு?"

"கெஞ்சுறேன்ல?"

ஆறு வாரம், தினமும் மாலையில். கிடிங்ஸுக்குப் புரியும்போது முகம் அப்படியே விரியும். அதைப் பார்ப்பதில் லண்டுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. [இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.] முடிவில் கிடிங்ஸ் ஏ வாங்கினான். அதே பருவத்தில் லண்டுக்கு வெப்ப இயக்கவியலில் சி.

அந்த ஆறு வாரத்தை வெப்ப இயக்கவியலுக்குக் கொடுத்திருந்தால் சராசரி எவ்வளவு ஏறியிருக்கும் என்று நான் பல தடவை கணக்குப் போட்டிருக்கிறேன்.

[நான் இல்லை. லண்ட்.]

4

நான்காம் வருஷ செப்டம்பரில் ஒரு தாள் வந்தது. ஒவ்வொரு வருஷமும் வருவதுதான். பன்னிரண்டு பேர் நாங்கள். ஒவ்வொருவனும் மற்ற பதினோரு பேரை ஒன்றிலிருந்து பதினொன்றுவரை வரிசைப்படுத்தி, பெயருக்குப் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். அதுவும் எண்ணில் சேரும்.

பயிற்சியாளர் சார்ஜண்ட் ஓச்சோவா தாளையும் பென்சிலையும் கொடுத்தார். "மனசு மாறுச்சுன்னா அழிச்சு எழுதுங்க. என் கைக்கு வந்தப்புறம் எவனுக்கும் மாறக் கூடாது. புரியுதா?"

லண்ட் பத்துப் பெயரை எழுதி முடித்தான். மீதி இருந்தது ஒரு பெயர். அதை முதல் வரியில் வைக்க இடம் விட்டிருந்தானா, கடைசி வரியிலா என்பதுதான் இந்தக் கதை. கடைசி வரியில் விட்டிருந்தான்.

11. கிடிங்ஸ். காரணம்: தன் வேலையை மற்றவர்கள் தோளில் ஏற்றுகிறார்.

முழுப் பொய்யாக இருந்திருந்தால் அவன் அழித்திருப்பான். அதில் பாதி உண்மை இருந்ததால்தான் கை ஓடியது.

[லண்ட் அந்தப் பெயரை அழித்துவிட்டு மேலே எழுதுவதாக இன்னொரு பிரதி வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அதை வாசித்தபோது எனக்கு லண்டைப் பிடித்துப்போனது. அதனாலேயே நம்ப முடியவில்லை.]

5

இரண்டு வாரம் கழித்து ஓச்சோவா ஒவ்வொருவனாக அறைக்குள் அழைத்து, மற்றவர்கள் எழுதியதைப் பெயர் சொல்லாமல் வாசித்துக் காட்டினார்.

"பத்துப் பேர் உன்னை நடுவுல போட்டிருக்கான். அமைதியானவன், சிரிக்க மாட்டான், இப்பிடி. ஒருத்தன் மட்டும் முதல்ல போட்டிருக்கான். காரணத்தப் படிக்கிறேன் கேளு." கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டார். "'எனக்குப் பாடம் சொல்லிக்குடுத்தான். அதுல அவன் கிரேடு போச்சு. அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.'"

லண்ட் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார்ஜண்ட், என் தாளக் கொஞ்சம் திருப்பித் தர முடியுமா?"

"எதுக்கு?"

"ஒரு இடத்துல தப்பா எழுதிட்டேன்."

"திங்கக்கிழமையே மேல அனுப்பியாச்சு. தப்போடதான் போயிருக்கு."

லண்டுக்கு வெட்கம் வந்தது என்று எழுத ஆசை. வந்தது உண்மைதான், ஆனால் இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது பழைய ஆசாமி, அந்தப் பொறாமையேதான்: நல்லவனாக இருப்பதிலும் இந்தப் பயல் முந்திக்கொண்டான்.

6

நவம்பரில் பிரிவு அறிவிக்கும் நாள். உடற்பயிற்சிக் கூடத்தில் பெற்றோர்கள், கேக், ஒலிபெருக்கி. பன்னிரண்டு பேரும் ஒரே வரிசையில். ஒவ்வொருவன் கையிலும் ஒட்டிய உறை. உள்ளே அவன் பிரிவின் சின்னம். கட்டளை வரும்வரை திறக்கக் கூடாது, தடவிப் பார்க்கவும் கூடாது. எல்லோரும் தடவிக்கொண்டுதான் நின்றோம்.

[நின்றார்கள்.]

கிடிங்ஸ் உதடு அசையாமல் பேசினான்.

"எவனோ என்னைக் கடைசில போட்டிருக்கான்டா. என் வேலைய அடுத்தவன் தோள்ல ஏத்துறேனாம்."

"யாரு?"

"தெரியலயே. ஸ்டாக்டனா இருக்குமோ? அவன் கூடாரத்த ஒரு தடவ கிழிச்சிட்டேன்."

"இருக்கும்."

மேடையில் கர்னல் தொண்டையைச் செருமினார்.

"ஆமா, நீ என்னை எத்தனாவதுல போட்ட?"

"உறையைத் திற!" என்றார் கர்னல்.

முடிவு அ: லண்டின் உறையில் இறக்கைகள். கிடிங்ஸின் உறையில் வழங்கல் பிரிவின் சாவி. [இதை ஒரே மூச்சில் எழுதினேன். வாசிக்கும்போது இருபத்தோரு வருஷம் கழித்தும் உடம்பெல்லாம் சூடாயிற்று. கிழித்துப் போட்டேன்.]

முடிவு ஆ: கிடிங்ஸின் உறையில் இறக்கைகள். பதினோராவது இடம் அவன் எண்ணை அசைக்கக்கூட இல்லை. அவ்வளவு அற்பமான பங்கு அதற்கு. லண்ட் செய்ததால் கிடிங்ஸுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, லண்டுக்கு ஒரு லாபமும் இல்லை. லண்டின் உறையில் இருந்தது சாவியும் வாளும் சக்கரமும், வழங்கல் பிரிவு. போர்வை, எண்ணெய், டின் சாப்பாடு.

சின்னத்தை நண்பன்தான் சட்டையில் குத்திவிட வேண்டும், அது வழக்கம். லண்டின் சட்டையில் சாவியைக் குத்தியது கிடிங்ஸ். கோணாமல் நேராகக் குத்தினான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று எழுத முடியவில்லை, ஏனென்றால் நான் அவன் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

[இந்த ஒரு இடத்தில் 'நான்' என்பதை மாற்றாமல் விடுகிறேன். லண்ட் இதற்கு மேல் தேவையில்லை.]

தன் கேள்வியை அவன் மறுபடி கேட்கவில்லை. அன்றும் இல்லை, இன்றுவரையும் இல்லை. அவனுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

7

இன்று வியாழக்கிழமை. எட்டு வருஷம் ஹெலிகாப்டர்களுக்கு எண்ணெய் அனுப்பிவிட்டு நான் எப்போதோ வெளியே வந்துவிட்டேன். இந்த ஊர் மருத்துவமனைக்கு ஒரு ஹெலிகாப்டர் வரும், என் வீட்டுக் கூரைக்கு மேலாகத்தான். தெருவில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் ஷூவைப் பார்ப்பேன்.

வருத்தம் தெரிவித்து முடிக்கலாம். அந்த முடிவையும் எழுதிப் பார்த்தேன், ஐந்து வரி வந்தது. அவற்றுக்கு அடியில் இன்னொரு வரி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது: ஆனாலும் அது என் இடம். அதை அழித்தால் மேலே உள்ள ஐந்தும் பொய்யாகிவிடுகின்றன. அழிக்காவிட்டால் விருந்தில் வாசிக்க முடியாது.

ஆகவே தாளை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். இருவரையும் இப்போது உங்களுக்குத் தெரியும். பென்சில்தான், அழிக்கலாம். நாளைக் காலை அனுப்ப வேண்டும். என் கையைவிட்டுப் போனபின் மாற்ற முடியாது.

பெயர்: கிடிங்ஸ்.

இடம்:

காரணம்: