எங்களுக்குள் கதையில்லை

1

முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே. இந்தக் கதை என் தலையில் பிறந்ததல்ல. முன்வீட்டு ஷிஃபானா ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் என் முன்னறைக் கதிரையில் இருந்தபடி கேட்ட கேள்வியில் பிறந்தது.

"அன்ரி, உங்களைப் பற்றியும் பாக்கியம் அன்ரியைப் பற்றியும் நான் எழுதலாமா?"

எனக்கு எழுபத்திரண்டு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். சீனி சுற்றி வந்த பத்திரிகைத் துண்டுகளை வாசித்து வாசித்து எழுதப் பழகி, முப்பது வருசமாக வாரப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்புகிறேன். அந்த முப்பது வருசத்தில் ஒரு மனிசரிடமும் நான் இப்படிக் கேட்டதில்லை.

பாக்கியம் என்றால் என் தங்கை பாக்கியரத்தினம். துறைமுகத்துக்குப் போகிற வீதியில் அப்பா கட்டிய ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர். அந்தப் பாதியில் அவள் தனிய. இந்தப் பாதியில் நான் தனிய. பத்தொன்பது வருசமாக எங்களுக்குள் கதையில்லை.*

ஷிஃபானாவுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் எங்கள் இரண்டு பேரின் சம்மதமும், ஆளுக்கு ஒரு ஓம், வேணும். இரண்டு ஓமும் கிடைத்தால்தான் அவள் ஆசைப்பட்ட படிப்புக்கு விண்ணப்பம் போகும். இவ்வளவுதான் விசயம். இதை எழுதத்தான் நான் இந்தப் பாடுபடுகிறேன்.

(* எங்கட பக்கத்தில் 'கதைக்கிறது' என்றால் பேசுகிறது. 'கதையில்லை' என்றால் கோபம், பேச்சு முறிந்துவிட்டது. வேறு ஊரிலிருந்து வாசிப்பவர்கள் இதை ஒருக்கா மனதில் வைத்துக்கொள்ளுங்கோ.)

2

தொடக்கம் ஒன்று: "கப்பல்கள் நங்கூரமிட்ட துறைமுகத்தின் மேல் செவ்வானம்…"

வேண்டாம். அது தபாலட்டை.

தொடக்கம் இரண்டு: "ஷிஃபானா ஒரு தூதராக வருவதற்கென்றே பிறந்தவள்."

பொய். அவள் ஐஸ் லொறி ஓட்டுகிற றஊப்பின் மூத்த மகளாகப் பிறந்தவள். இருபத்தைந்து வயது. உயர்தரச் சோதனையில் நல்லாகத்தான் செய்தாள், ஆனால் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கிற இசட் புள்ளி போதாமல் கம்பஸ் கிடைக்கவில்லை. துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவரின் கந்தோரில் வேலை. போன வருசம் ஒரு கப்பலின் பிலிப்பைன்ஸ் சமையல்காரருக்குப் பல்வலி. தரையில் இறங்க அவரிடம் கடதாசி இல்லை. இவள் நாலு கந்தோருக்கு நாலு விதமாகக் கதைத்து, அந்த மனிசனைப் பின்னேரத்துக்கிடையில் பல் டாக்குத்தரின் கதிரையில் இருத்திவிட்டாள்.

"இதையே நாடுகளுக்குச் செய்றதுக்கு ஒரு வேலை இருக்காமே அன்ரி" என்று வந்து சொன்னாள். கண் இரண்டும் மினுங்கியது. [மினுங்கியது என்று நான்தான் சேர்க்கிறேன். உண்மையில் அவள் முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.]

தொடக்கம் மூன்று நல்லாக வந்தது. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, மை காயட்டும் என்று வாசல் படலையடி மதிற்கட்டின் மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். வந்து பார்த்தால், எங்கள் ஊர் வீதிகளில் மாடு போலத் திரிகிற மான்களில் ஒன்று அதைச் சப்பிக்கொண்டு என்னையே பார்க்கிறது. திருப்பி எழுத முயன்றேன். வரவில்லை. ஆகவே இந்தக் கதைக்கு இருக்கிற தொடக்கம் மேலே உள்ளதுதான்.

3

ஏன் என் வீட்டுக்கு வருகிறாள் என்று கேட்பீர்கள்.

கனடாவில் இருக்கிற என் மகன் சுகிர்தன், "அம்மா, ஒவ்வொரு நாளும் முகம் பார்த்துக் கதைப்பம்" என்று சொல்லி வைஃபை போட்டுத் தந்தான். முதல் மாதம் ஒவ்வொரு நாளும் வந்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில். இப்போது பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும். பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் விடாமல் எரிகிறது. ஷிஃபானா வீட்டில் சிக்னல் இழுக்காது. வேலை முடிந்து நேரே என் கதிரைக்கு வருவாள். அவள் வருகிறாள் என்பதற்காகத்தான் நான் அந்த இணைப்பை இன்னும் வெட்டவில்லை. இதை அவளுக்குச் சொன்னதில்லை.

நாலு மாதமாக நாங்கள் இரண்டு பேரும் பல்கலைக்கழகம் தேடினோம். ஊரை விட்டுப் போகாமல், வேலையையும் விடாமல், ஒன்லைனில் படித்து, சர்வதேச உறவுகளில் பட்டம் எடுக்கவேணும். அவள் திரையில் வாசிக்க நான் கலண்டர் தாளில் எழுதுவேன்.

கடைசியில் மூன்று மிஞ்சியது.

முதலாவதன் படத்தில் ஒரு பெட்டை நீலக் கோட்டோடு கொடிகளுக்கு முன்னால் நின்று சிரித்தாள். விசாரித்து ஒரு வரி போட்டதுதான், ஒரு பொடியன் ஒவ்வொரு நாளும் போன் எடுக்கத் தொடங்கிவிட்டான்.

"இண்டைக்கே சேரட்டாம் அன்ரி. நாளைக்கு இடமில்லையாம்."

"நேற்றும் அப்படித்தானே சொன்னவன்?"

"ஓம். நாளைக்கும் சொல்லுவான். பாவம், அவனுக்கும் ஒரு மெனேச்சர் இருப்பான்."

இரண்டாவது, பதினாலு மாதத்தில் பட்டம் தரும். "இந்தப் பட்டத்தை எங்கள் அரசாங்கம் ஏற்குமா, வெளிநாட்டுச் சேவைச் சோதனைக்கு இருக்கவிடுமா?" என்று இவள் மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது: உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

மூன்றாவது நாலு வருசம். பின்னேர வகுப்பு, முகம் காட்டிக் கதைக்கவேணும், இடையில் நிற்க ஏலாது. ஆனால் ஏற்கிற பட்டியலில் இருந்தது. எங்கள் கேள்விகளுக்கு ஒரு உயிருள்ள மனிசி பதில் எழுதினாள். இந்த வருசத்துக்கு வெள்ளிக்கிழமையோடு மூடுகிறது. அடுத்த சேர்க்கை இரண்டு வருசம் கழித்து. வெளிநாட்டுச் சேவைக்கு வயதெல்லை உண்டு என்பதால் ஷிஃபானாவுக்கு அந்த இரண்டு வருசம் சும்மா இல்லை.

"அன்ரி, தூதர் ஆகிறதுக்கு முதல் பத்து வருசம் போட்டோக்கொப்பிதான் அடிக்கவேணுமாம்" என்று சிரித்தாள். "பரவாயில்லை. கந்தோரில அதுதானே செய்றன்."

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். நீங்கள் தீர்க்க முயன்ற ஒரு பிணக்கைப் பற்றி எழுதுங்கள். கீழே சின்ன எழுத்தில், உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி எழுதினால் அவர்களின் சம்மதம் பெறவேணும் என்று இருந்தது.

சின்ன எழுத்தை வாசிக்கிற பிள்ளை அவள். அதுதான் எனக்கு வந்த வினை.

4

அவள் கட்டுரையைத் தமிழில் எழுதி, போனில் போட்டு இங்கிலிஷுக்கு மாற்றி, இது சரியோ என்று அந்தப் பதில் எழுதுகிற மனிசிக்கு ஒரு பந்தியை மட்டும் அனுப்பிப் பார்த்தாள். பெயரும் ஊரும் இல்லாமல்தான். "ஒரு சுவரின் இரண்டு பக்கத்திலும் வாழும் இந்தச் சகோதரிகளுக்குள் பத்தொன்பது வருசமாகக் கதையில்லை" என்பது அவளுடைய வசனம்.

போன் அதை எப்படி மாற்றியதென்றால், 'இந்தச் சகோதரிகளிடம் பத்தொன்பது வருடங்களாகக் கதை எதுவும் இல்லை' என்று.

பதில் வந்தது. ஷிஃபானா வாசித்து, தலையில் கையை வைத்துக்கொண்டு எனக்குத் தமிழில் சொன்னாள். "அவ கேக்கிறா அன்ரி. 'அவர்களிடம் கதை இல்லையென்றால் நீங்கள் ஏன் அவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள்?'"

நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் போன பிறகு, வீடு திரும்பவும் அடங்கின பிறகு, அந்தக் கேள்வி மட்டும் கதிரையில் இருந்தது.

ஏனென்றால் பாக்கியம் கடைசியாக என்னோடு கதைத்ததும் அந்த வார்த்தையில்தான். "அக்கா, இனி உனக்கும் எனக்கும் கதையில்லை." நானும் அப்போது கோபம் என்றுதான் விளங்கிக்கொண்டேன். போன் விளங்கிக்கொண்டபடியும் அவள் சொல்லியிருக்கலாம். இனி என் வாயிலிருந்து உனக்குக் கதை ஒன்றும் கிடையாது என்று.

ஏன் அப்படிச் சொன்னாள்? அவளுடைய மனிசன் சோமசேகரம் இறந்த எட்டாம் நாள், குசினி அடுப்படியில் என் காதோடு ஒன்று சொன்னாள். "இண்டைக்கு விடிய ஒரு கோப்பைத் தேத்தண்ணியைச் சுடச்சுட முழுக்கக் குடிச்சன் அக்கா. ஒருத்தரும் கூப்பிடேல்லை. இருபத்தாறு வருசத்தில இதுதான் முதல் தரம்." சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் அதைக் கதையாக்கினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், தேத்தண்ணியை மாற்றவில்லை. அது வெளிவந்த ஞாயிறு, சோமசேகரத்தின் தமக்கைமார் பத்திரிகையும் கையுமாக அவள் வாசலில் நின்று, வீதி முழுக்கக் கேட்கக் கத்தினார்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கம், கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். வாசகர் கடிதங்கள் பதினொன்று வந்தன. எல்லாம் பாராட்டு.

[பாருங்கோ. கேட்காமலே திரும்பவும் சொல்லிப்போட்டேன். இந்தப் பந்தியை வெட்டவேணும். வெட்டினால்…]

5

இந்த இடத்தில் எனக்கு ஷிஃபானா என்ற பாத்திரத்தில் சந்தேகம் வருகிறது. அவள் அளவுக்கு மிஞ்சி நல்லவளாக வருகிறாள். கதையில் அப்படி ஒருத்தி இருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவே அவளுடைய கள்ளத்தையும் சொல்கிறேன்.

இரண்டு பாதிக்கும் ஒரே தண்ணித் தாங்கி. அதனால் கதையில்லாவிட்டாலும் செய்தி போகவேணும். ஆறேழு வருசமாக அதைக் கொண்டுபோகிறவள் இவள். "பாக்கியம் அன்ரி கேட்டவ, நீங்க குளிச்சு முடிச்சிட்டீங்க எண்டா மோட்டரைப் போடட்டோவாம்" என்று வந்து சொல்லுவாள். எவ்வளவு மரியாதை என்று நினைப்பேன். ஒருநாள் சுவரின் மேல் காற்றோட்டத் துவாரத்தால் உண்மையான வசனம் கேட்டது. "அந்த எருமை இன்னும் ஊறிக்கொண்டு கிடக்கோ எண்டு கேள்."

"நீ பொய் சொன்னனி" என்றேன் இவளிடம்.

"இல்லை அன்ரி. மொழிபெயர்த்தனான்."

"எருமை எங்க போனது?"

"எருமைக்கு விசா கிடைக்கேல்லை."

சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன். "நான் சொல்லிவிட்டதையும் இப்படித்தான் மாத்தினியோ?"

"நீங்க சொன்னதில மாத்த ஒண்டும் இருக்கேல்ல அன்ரி" என்றாள், மெல்ல. "நீங்க தண்ணியைத் தவிர வேற ஒண்டுமே சொல்லிவிடுறேல்லையே."

6

நான் செவ்வாயன்றே ஓம் சொல்லிவிட்டேன். எழுதுகிறவளுக்கு எழுதவேண்டாம் என்று சொல்ல வாய் வராது. அந்தச் சூட்டில் நானும் இதை எழுதத் தொடங்கினேன். புதன் பின்னேரம் ஷிஃபானா சுவருக்கு அந்தப் பக்கம் போனாள். நான் துவாரத்தடியில் நிற்கவில்லை. [நின்றேன். தண்ணீர் மோட்டர் ஓடியதால் கேட்கவில்லை.]

வந்து கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னாள். "அன்ரி, இந்தமுறை ஒரு எழுத்தும் மாத்தாமல் சொல்றன். 'அந்தக் கதைக்காரியும் எங்களை வைச்சு எழுதுறாளாமே? வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்து எனக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லு. ஒரு வரி விடாமல். எனக்குக் கண் தெரியாது எண்டு தாண்டிப் போக நினைக்க வேண்டாம், எனக்கு அவளின்ர குரல் தெரியும். கேட்டிட்டு, ஓமோ இல்லையோ எண்டு உனக்கும் சொல்லுறன், அவளுக்கும் சொல்லுறன்.'"

கண் தெரியாது. சீனி வியாதி அவளுடைய கண்ணைத் தின்றது எனக்குத் தெரியாது. பன்னிரண்டு அங்குலச் சுவர். எனக்குத் தெரியாது.

"உனக்குத் தெரியுமோ?"

"சொல்ல வேண்டாம் எண்டு சொன்னவ அன்ரி."

"அப்ப அவ வேண்டாம் எண்டால்?"

"அனுப்ப மாட்டன்."

"உன்ர கட்டுரையில ஒரு வரியை மாத்தினால் ஆருக்குத் தெரியும்? நான் ஒரு சண்டையைக் கட்டித் தாறன், கேட்டால் உண்மையைப் போல இருக்கும்."

ஷிஃபானா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. "தண்ணிக்குப் பொய் சொல்லலாம் அன்ரி" என்றாள். "இதுக்கு ஏலாது."

7

முடிவு (அ): நான் வாசிக்கிறேன். பாக்கியம் அழுகிறாள், நான் அழுகிறேன், கட்டிப்பிடிக்கிறோம், ஷிஃபானா விண்ணப்பத்தை அனுப்புகிறாள். இதை வாரப் பத்திரிகைகள் வாங்கும்.

முடிவு (ஆ): நாலாம் பகுதியை வாசிக்கும்போது பாக்கியம் எனக்குக் கதவைக் காட்டுகிறாள். ஷிஃபானா வெள்ளிக்கிழமை வழமைபோல வேலைக்குப் போகிறாள். அதற்குப் பிறகு என் கதிரைக்கு வருகிறாளா என்று என்னால் எழுத ஏலாது. மூன்று தரம் முயன்றுவிட்டேன்.

முடிவு (இ) ஒன்றும் உண்டு. சொல்ல வெட்கம். நேற்றிரவு விழித்திருந்து இரண்டு பிரதி எழுதினேன். உங்களுக்கு ஒன்று, தேத்தண்ணிப் பந்தியோடு. அவளுக்கு ஒன்று, தேத்தண்ணி இல்லாமல். வாசிக்கிறவளுக்குக் கண் இருக்கிறது, கேட்கிறவளுக்கு இல்லை. வேலை சுலபம். இரண்டும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. தேத்தண்ணி இல்லாதது நல்ல கதையே அல்ல, பிள்ளைகளே. அதுதான் என் துக்கம். அவளை நோகச் செய்த அந்தப் பந்திதான் இதில் உள்ள ஒரே நல்ல எழுத்து.

8

வியாழக்கிழமை. மூன்று நாற்பது.

என் படலையால் வெளிக்கிட்டு அவளுடைய படலையால் ஏற, பதினேழு அடி. யன்னலால் பார்த்து எண்ணினேன். பேனையை வைக்க மனமில்லாமல் இதையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும் வரைக்கும் நாலு மணியாகாது என்பது போல.

ஷிஃபானா கந்தோரில் அரைநாள் லீவு கேட்டு வந்து, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னறையில் இருக்கிறாள். "போங்க அன்ரி" என்று ஒருதரம்தான் சொன்னாள். இரண்டாம் தரம் சொல்லவில்லை.

ஒரு பிரதியைக் கையில் எடுத்துவிட்டேன். எதை என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

பாக்கியம் சொல்லப்போவதை நான் எழுத ஏலாது. முப்பது வருசமாக மற்றவர்களின் வாயில் வசனம் வைத்தவள், இந்த ஒன்றை வைக்கமாட்டேன். ஆனால் இவ்வளவு நேரம் கூட இருந்த உங்களை வெறுங்கையோடு அனுப்பவும் மனமில்லை. ஆகவே இதைக் கேளுங்கோ. நீங்கள் இதை அச்சில் வாசிக்கிறீர்கள் என்றால், தேத்தண்ணிப் பந்தியோடு வாசிக்கிறீர்கள் என்றால், இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு ஓம் என்றிருப்பாள். இல்லையென்றால், நான் இரண்டாம் தரமும் அவளைக் கேட்காமல் பத்திரிகைக்குக் கொடுத்திருப்பேன்.

நான் எப்படிப்பட்டவள் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். எது நடந்தது என்று நீங்களே சொல்லுங்கோ.