இடுப்பு உயரத்து வேர்

அந்த வேரின் மேல் எனக்குத் தீராத ஆத்திரம். அம்பாங் பக்கத்துக் குன்றுப் பூங்காவில், ஏற்றம் செங்குத்தாகும் இடத்தில், ஓரத்து மண்மேட்டிலிருந்து இடுப்பு உயரத்தில் வளைந்து புறப்பட்டு, பாதையின் குறுக்கே இறங்கிக் கிடந்தது. 1996இல் மட்டும் மூன்று முறை என்னைச் சைக்கிளோடு தூக்கி அடித்தது. மூன்றாம் முறை முன்பல் போயிற்று. நண்பன் கன்னையா அப்போதும் சிரித்தான்.

அந்தப் பாதை நடக்கிறவர்களுக்கும் எங்களைப் போன்ற மலை சைக்கிள்காரர்களுக்கும் பொது. எங்களை உள்ளே விட்டதே ஒரு நிபந்தனையின் பேரில்தான். மாதத்தின் முதல் ஞாயிறு கோத்தோங் ரோயோங். எல்லோரும் கூடிப் பாதையைச் சீர்செய்ய வேண்டும். சம்பளம் கிடையாது, கொப்புளம் உண்டு. மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டுவோம், சரிந்த மண்ணை அள்ளிப் போடுவோம்.

ஆகஸ்டில் நான் ரம்பத்தோடு போனேன். பூங்காக் காவலரிடம் கேட்டேன், தலையாட்டினார். வேரை அடியோடு அறுக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. மேலே இருந்த வளைவு மட்டும் வழவழவென்று பளபளத்தது. டயர் பட்டுத் தேய்ந்திருக்கும் என்றான் கன்னையா. டயர் இடுப்பு உயரத்துக்கு எப்படி ஏறும் என்று இரண்டு மடையர்களில் ஒருவனுக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. துண்டுகளைச் சருகோடு போட்டு எரித்தோம். ஈர வேர் புகைந்து கண்ணைக் கரித்தது. எனக்கோ பரம சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு காலை அந்த இடத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வரும் ஸ்டானிஸ்லாஸ் அங்கிள், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்துக்குப் பிறகு வலப்பக்கம் சரியாக வராது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் உச்சிக்கு ஏறிவிடுவார். அங்கே கூரைக்கடியில் அவருடைய ரயில்வே கூட்டாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். மற்ற ஆறு நாளும் அவருக்குக் கட்டில்தான். மனைவி பிலோமினா ஆன்டி, விழுந்தால் தாங்க, ஒரு அடி பின்னால் நின்றார்.

அங்கிளின் இடக்கை மண்மேட்டைத் தடவிக்கொண்டிருந்தது. மேலே, கீழே, மறுபடி மேலே.

அந்த வளைவு எதனால் வழவழத்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இங்க ஒரு வேர் இருக்குமே தம்பி?"

"நான்தான் அங்கிள் வெட்டுனேன். சைக்கிளுக்கு இடைஞ்சலா இருந்துச்சு."

வெட்டுவாயை விரலால் தொட்டுப் பார்த்தார். "க்ளீனா வெட்டியிருக்கே லா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுவாரம் மரத்தில் கயிறு கட்டினோம். கயிறு ஆடியது, ஒற்றைக் கையால் பிடித்தவரும் சேர்ந்து ஆடினார். இரும்புக் குழாய் நட்டோம். ஒரே மழையில் மண்ணோடு சாய்ந்தது. சிமெண்ட் போட அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்தேன், பார்க்கலாம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியில் நானும் கன்னையாவும் கைகோத்து அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். உச்சியில் கூட்டாளிகள் கைதட்டினார்கள். அங்கிள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இறக்கிவிட்டபோது, "இனிமே வேணாம் தம்பி. நானா ஏறுனாத்தான் வந்த மாதிரி. இது மூட்டை வந்த மாதிரி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. பாதை இப்போது ரொம்ப ஸ்மூத் என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் எனக்குக் கூசியது.

நவம்பரில் ஒரு ஞாயிறு ஆன்டி மட்டும் தனியாக வந்தார். நான் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்த வேரை எங்க போட்டீங்க தம்பி?"

"ஏன் ஆன்டி?"

"கட்டில விட்டு எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு. பாத்ரூம்ல கம்பி வச்சேன், பிடிக்கல. அந்த வளைவுதான் என் கைக்குத் தெரியும்ங்கிறாரு. துண்டு கிடைச்சா சுவத்துல அடிச்சுடலாம்."

"பாக்கிறேன் ஆன்டி" என்று சொல்லிவிட்டுப் பாதையோரப் பள்ளத்தில் இறங்கினேன். சருகை விலக்கினேன், புதரை விலக்கினேன். எல்லாவற்றையும் எரித்தாயிற்று, அங்கே எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மேலே ஆன்டி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"அவசரமில்ல தம்பி, மெதுவா தேடு. நான் இருக்கேன்."