ஓரத்தில் ஒரு கோடு

2006 ஆகஸ்ட் 17, வியாழன்

ஜான் பாஷாவின் நாணயத்தில் ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்தேன். ஓரத்தைக் கண்டும் விட்டுவிட்டேன்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தோல் துண்டுகளைச் சோதிக்கும் கியூசி வேலை எனக்கு. மாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு. பக்கத்து சீட் ஜான் பாஷா பழைய நாணயங்களை இணையத்தில் வாங்கி விற்பவர். போன வாரம் புதிதாக வந்த வெள்ளி ரூபாய் ஒன்றை என்னிடம் நீட்டினார். 1939-ஆம் வருடத்து ரூபாய் அபூர்வமாம். அதனால் போலிகளும் ஜாஸ்தியாம்.

கம்பெனியில் செய்வது போலவே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். தலை, எழுத்து, வருடம் எல்லாம் சுத்தம். ஓரத்தில் மட்டும் சுற்றிலும் மயிரிழை போல ஒரு கோடு, ஓரிடத்தில் அரம் பட்ட தடம். தோலில் ஓரத்துக் கீறலை நாங்கள் கழிப்பதில்லை. தைக்கும்போது மடிப்புக்குள் போய்விடும். பழக்கத்தில் "பாஸ்" என்றேன். நாணயத்துக்கு ஏது மடிப்பு?

இன்று வகுப்பில், நாணயம் சேகரிப்பவர்களின் இணையப் பக்கம் ஒன்றைப் படித்தேன். நாணயச்சாலையில் அடித்து எடுத்த அசல் காசில் அந்தக் கோடு வராது. இரண்டு பாதி அச்சுக்குள் உலோகத்தை ஊற்றினால்தான் பாதிகள் சேரும் இடத்தில் விழும். அதை மறைக்கத்தான் அரம்.

அப்போதுதான் ஜான் பாஷா வந்தார்.

"இன்னா கியூசி மேடம், ஸ்க்ரீன மொறைக்கிறீங்க? அந்த ரூபா வித்துப் போச்சு!"

"யாருக்கு?"

"திமிரின்னு ஒரு ஊரு, அங்க ஒரு ரிட்டயர்டு வாத்தியார், காசிநாதன்னு. நெட்டுல மொத தடவ வாங்குறாராம். அசல் தானே தம்பின்னு போன்ல உயிர எடுத்துட்டாரு. எங்க கிளாஸ்ல அக்சான்னு ஒரு பொண்ணு, ஊசி ஓட்டை கூட அது கண்ணுக்குத் தப்பாது, அதுவே பாத்துடுச்சுன்னேன். அப்புறம்தான் சரின்னாரு."

"அனுப்பிட்டீங்களா?"

"பார்சல் கட்டி வீட்ல வச்சிருக்கேன். காலைல போஸ்ட் ஆபீஸ் தொறந்ததும் போய்டும். ஏன், கமிஷன் வேணுமா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, அந்தக் கோடு நிஜமாகவே இருந்ததா, இணையப் பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டு நானாகச் சேர்த்துக்கொள்கிறேனா என்றுகூட யோசித்தேன். இருந்தது. அரத்தின் தடத்தை நகத்தால் வேறு தடவினேன். ஓரத்தை விட்டது கவனக்குறைவு. இன்று சிரித்ததற்கு அந்தப் பெயரை வைக்கக் கை வரவில்லை. என் பேரைக் கேட்டுத்தான் அந்த வாத்தியார் சரி என்றிருக்கிறார்.

நாளை: ஷிஃப்டுக்கு முன்பே ஜான் பாஷா வீட்டுக்குப் போக வேண்டும். பார்சலைப் பிரிக்கச் சொல்லி ஓரத்தைக் காட்ட வேண்டும். அவர் திமிரிக்குப் போன் செய்யும்போது, தப்பு என்னுடையது என்று வாத்தியாரிடம் நானே சொல்ல வேண்டும்.