டி டிரைவில் இன்னொன்று

எதை எழுதினாலும் இரண்டு பிரதி வைக்கிற மனிதர் கிறிஸ்துதாஸ். நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் உத்தியோகம். ஆபீசுக்கு ஒன்று, தன் அலமாரிக்கு ஒன்று. அவர் மனைவி சாந்தாமேரி இதை வைத்துக் கேலி செய்வாள். "பொண்டாட்டி மட்டுந்தான் ஒன்னே ஒன்னு. அதுவும் கோயில்ல ரெண்டாவது குடுக்க மாட்டாங்கன்னு!" அபிஷா இருந்த காலத்துக் கேலி அது.

அபிஷா அவர்களின் ஒரே மகள். சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தவள். காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது? அவள் விட்டுப்போனது ஒரு ஃபோன். அதில் நிறைய வீடியோக்கள். அடுப்படியில் அம்மாவை வம்புக்கு இழுப்பது, ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் அப்பாவைப் போலவே நடித்துக் காட்டுவது, ஏற்காடு ஏரியில் தோழிகளோடு படகில் கத்துவது, எல்லாம் அவள் குரலோடு இருந்தன.

கிறிஸ்துதாஸ் அத்தனையையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். திரையில் சி என்று ஒரு டிரைவ், டி என்று ஒரு டிரைவ் தெரிந்தன. சி-யில் ஒரு பிரதி போட்டார், டி-யில் இன்னொரு பிரதி போட்டார். பிறகு ஃபோனைத் துடைத்தாற்போல் அழித்து, தம்பி மகள் பிரியாவுக்குக் கொடுத்துவிட்டார். படிக்கிற பிள்ளைக்கு ஃபோன் வேண்டியிருந்தது. சாந்தாமேரிக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"ஏனுங்க, எம்பட ஃபோன்லயாச்சும் ரெண்டு போட்டுக் குடுங்களேன்."

"ஃபோன்னா தண்ணியில உழுகும், தொலையும். இங்க ரெண்டு எடத்துல பத்திரமா இருக்குது. மனசு ஆறட்டும், பொறவு உக்காந்து பாக்கலாம்."

ஆறுகிற மனசா அது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். சி-யில் உள்ளதை டி-க்கு மறுபடி நகலெடுப்பார். திரையில் பச்சைக் கோடு ஓடி முடிந்ததும், "இருக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்வார். சாந்தாமேரியும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டினாள்.

ஐப்பசியில் மலையே அதிர இடி இடித்தது. மறுநாள் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. உள்ளே டக் டக்கென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. சேலத்தில் ரிப்பேர் கடை வைத்திருந்த சத்யராஜிடம் கொண்டுபோனார்கள். அவன் டிஸ்க்கைக் கழற்றிச் சென்னைக்கு அனுப்பினான். பதில் வந்துவிட்டது என்று அவன் கூப்பிட்ட அன்று இருவரும் பஸ் பிடித்து மலையிறங்கினார்கள். கடை வாசல் வரை வந்த கிறிஸ்துதாஸுக்கு உள்ளே போகத் தைரியமில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று நழுவிவிட்டார்.

"உள்ள இருக்கற தட்டு மொத்தமும் சொரண்டிப் போச்சுங்கம்மா. ஒன்னுமே எடுக்க முடியலீங்க" என்றான் சத்யராஜ்.

"அது போனாப் போவுதுங்க தம்பி. டி-ல இன்னொன்னு இருக்குதுங்களே, அதை எடுத்துக் குடுங்க."

அவன் கழற்றிய டிஸ்க்கை எடுத்து அவள் முன்னால் வைத்தான். "அம்மா, சி, டி எல்லாம் பேருக்குத்தானுங்க. ரெண்டும் ஒரே டிஸ்க்கு. ஒரே ஊட்டுக்கு நடுவுல செவுரு வெச்சு ரெண்டு ரூமாக்குன மாதிரி. ஊடு உழுந்தா ரெண்டு ரூமும் சேந்துதானுங்க உழுகும். வெளிய தனியா ஒரு டிஸ்க்குல போட்டிருக்கோணும்."

சாந்தாமேரிக்குத் துக்கம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது ஆத்திரம். பாவி மனுஷன், கேட்டேனே, ரெண்டே ரெண்டு கேட்டேனே! அவரை நாலு வார்த்தை கேட்டுவிடுகிற வேகத்தில் திரும்பினாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் இரண்டு கையிலும் டீயைப் பிடித்துக்கொண்டு, கதவைத் தள்ளத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவள் மறுபடி சத்யராஜ் பக்கம் திரும்பினாள்.

"அவருகிட்டச் சொல்லிறாதீங்க தம்பி" என்றாள்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தையே நடத்துகிறார்கள், ஒரு பொய் சொல்லி ஒரு மனிதரை நிறுத்திவைக்கக் கூடாதா? அவர் உள்ளே வந்ததும், இடி இறங்கியதில் இரண்டு டிஸ்க்கும் கருகிவிட்டதாம் என்றாள். அவர் டீயைக் கீழே வைத்தார். "ஆண்டவர் சித்தம். நம்ம கையில என்ன இருக்குது? நாம ரெண்டு வெச்சுத்தான இருந்தோம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் சாய்ந்துகொண்டுதான் அவர் நடமாடினார். அவளும் அதை அசைக்காமல் பார்த்துக்கொண்டாள்.

பொய்க்கு ஆயுசு கொஞ்சம் என்பது பொய்யில்லை. பக்கத்து வீட்டு வெண்ணிலாவின் புருஷன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். பிள்ளை பிறந்ததிலிருந்து அவன் ஊர்ப்பக்கம் வரவில்லை. தவழ்ந்தது, நின்றது, முதல் சிரிப்பு எல்லாம் அவள் ஃபோனில்தான் இருந்தன. ஃபோன் நிரம்பி அடைத்துக்கொள்ளவே, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்து ரைட்டரைக் கூப்பிட்டாள். சாந்தாமேரியும் கூடப் போனாள். பிள்ளை அவள் மடியில் ஏறிக்கொண்டது.

கிறிஸ்துதாஸ் எல்லாவற்றையும் ஏற்றி முடித்தார். "சி-ல ஒன்னு, டி-ல ஒன்னு போட்டாச்சு கண்ணு. இனி ஃபோன்ல இருக்கறதை அழிச்சுரலாம். எங்களுக்குத்தான் இடி வந்து கெடுத்துச்சு. இல்லாட்டி இது நொம்பப் பத்திரம்."

"அழிச்சுருங்கண்ணா" என்று வெண்ணிலா ஃபோனை நீட்டினாள்.

அவர் விரல் போகிறது. சாந்தாமேரி பிள்ளையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். கடவுளே, இப்படியா கொண்டுவந்து நிறுத்துவாய்?

"அழிக்காதீங்க" என்றாள். "டி தனி டிஸ்க்கு இல்லீங்க. ரெண்டும் ஒன்னுதானாம். இடியில ரெண்டு டிஸ்க்கு கருகலை. நாந்தான் பொய் சொன்னேன்."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். ஃபோனைக் கவிழ்த்துத் தன் முழங்கால்மேல் வைத்தார். பிறகு, "வெளிய மாட்டற டிஸ்க்கு ஒன்னு தனியா வாங்கு கண்ணு. அது வர்ற மட்டும் எதையும் அழிக்காத" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகிற பாதையில், மிளகுக் கொடி படர்ந்த மரத்தடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். பட்டப்பகல். கீழே ஆட்கள் காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம புள்ள ஃபோனை நாந்தானே அழிச்சுக் குடுத்தேன்?"

"ஆமாங்க."

உங்கள் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய் அவளிடம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கேட்டப்பெல்லாம் பொறவு பாக்கலாம்னேன். நானும் ஒன்னைக்கூடத் தொறந்து பாக்கலை சாந்தா. காப்பி மட்டும் எடுத்தேன். தாங்க மாட்டேன்னு பயம். எங்க போயிரப் போவுது, இருக்குதேன்னு இருந்துட்டேன்." அவருக்கு உதடு கோணிக்கொண்டது. "வாசல் கேட்டுக்கு வெளிய இருந்தே 'அப்போவ்'னு கூப்புடுவாளே, அது எப்படின்னு இப்ப எனக்குக் காதுல வர மாட்டேங்குது. உனக்கு வருதா?"

அவளுக்கு வந்தது. இழுத்து, கடைசியில் கொஞ்சம் தூக்கி விடுவாள் பிள்ளை. அவருக்குச் சொல்லிக் காட்டலாம் என்று சாந்தாமேரி வாயைத் திறந்து, "அப்போவ்" என்றாள்.

வந்தது அவளுடைய சொந்தக் குரல்தான்.